வாளித் தண்ணீர் கொட்டும் மரம்

ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் கதைகளில் வரும் ஃபாரவே மரத்தில் குடியிருந்த அத்தனை பேரும் எங்கள் பிளாக்கிலும் இருந்தார்கள்.

மலேசியாவின் பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியில் வளர்ந்தவள் நான். எங்களுக்கு மேலே இருந்த ஓர் அம்மா துணி அலசிய தண்ணீரைச் சன்னல் வழியாகவே கொட்டுவார். அவர் துவைக்கிற நேரம் தெரிந்தவர்கள் கீழே சுவரை ஒட்டியே நடப்பார்கள். தெரியாத விருந்தாளிகள் தலை நனைந்து, சவர்க்கார வாசனையோடு வந்து கதவைத் தட்டுவார்கள். எங்கள் மாடியிலேயே ஒரு சீனத் தாத்தா இருந்தார். நடைபாதை எல்லோருக்கும் பொது, எல்லா வீட்டுச் சன்னலும் அதைப் பார்த்துத்தான் இருக்கும். ஆனாலும் யார் கடந்து போனாலும் தன் வீட்டைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். ஒருநாள் என் அக்கா மேல் ஆறிப்போன கோப்பியை வீசிவிட்டார். இரவு வேலை பார்க்கும் ஜாகா (காவலாளி) அங்கிள் பகலெல்லாம் கதவுக்கு வெளியே சாய்வு நாற்காலியைப் போட்டு வாய் திறந்தபடி தூங்குவார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அப்புறம், ‘சூராட் காபார் லாமா’ (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு லோரியில் வரும் பழைய பேப்பர்க்காரர். பழைய பானை, கெட்டில், மின்விசிறி எல்லாம் லோரியில் கட்டித் தொங்கும். அந்தச் சத்தத்திலேயே இருந்து காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது, எவ்வளவு தருவீர்கள் என்று நாம் கேட்டால் அவர் வேறு எதற்கோ பதில் சொல்வார்.

பிளைட்டனின் மரத்தில் இவர்களுக்கு வேறு பெயர்கள். துவைத்த தண்ணீரைக் கிளை வழியாகக் கொட்டிவிடும் டேம் வாஷ்அலாட். சன்னலில் எட்டிப் பார்த்தவன் முகத்தில் கையில் கிடைத்ததை, சில சமயம் மையையே, வீசும் ஆங்ரி பிக்ஸி. நாற்காலியில் குறட்டை விடும், தன் பெயரே நினைவில்லாத மிஸ்டர் வாட்ஸிஸ்நேம். உடம்பெல்லாம் சட்டியும் கெட்டிலும் மாட்டிக்கொண்டு, எதைக் கேட்டாலும் தப்பாகக் காதில் வாங்கும் சாஸ்பேன் மேன். உச்சியில் வட்ட முகத்தோடு மூன்ஃபேஸ், பக்கத்தில் சில்க்கி என்ற குட்டித் தேவதை. இங்கிலாந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத வயதில் அந்த நாவல் எனக்கு அந்நியமாகப் படவே இல்லை என்றால் காரணம் இதுதான். அது ஒரு ஃபிளாட்டைப் பற்றிய கதை. லிஃப்ட் மட்டும் இல்லை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. மூன்று நாவல்கள்: 1939-இல் ‘தி என்சான்டட் வுட்’, 1943-இல் ‘தி மேஜிக் ஃபாரவே ட்ரீ’, 1946-இல் ‘தி ஃபோக் ஆஃப் தி ஃபாரவே ட்ரீ’. நடுவில் உள்ளதன் பெயரைத்தான் இங்கே எல்லோரும் மொத்தத்துக்கும் சொல்கிறார்கள். பட்டணத்தில் இருந்த ஒரு குடும்பம் நாட்டுப்புறத்துக்குக் குடிபெயர்கிறது. ஜோ, பெஸ்ஸி, ஃபேனி என்ற மூன்று பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்குள் போகிறார்கள். அங்கே மரங்கள் ‘விஷா விஷா விஷா’ என்று கிசுகிசுக்கின்றன. நடுக்காட்டில் மேகத்தைத் தொடும் ஒரு மரம். ஒவ்வோர் உயரத்தில் ஒவ்வொரு காய் காய்க்கும். தண்டிலேயே கதவும் சன்னலும் வைத்து ஆட்கள் குடியிருப்பார்கள். உச்சியில் மேகத்தில் ஒரு துளை, ஓர் ஏணி. ஏறினால் ஏதோ ஒரு நாடு. இன்றைக்கு இருக்கும் நாடு நாளைக்கு இருக்காது, நகர்ந்து போய் வேறொன்று வந்து நிற்கும். எல்லாம் தலைகீழாக நடக்கும் நாடு, சுற்றிக்கொண்டே இருக்கும் நாடு, வேண்டியதை எடுத்துக்கொள்ளும் நாடு, பிறந்தநாள் நாடு. இறங்குவதற்கு மூன்ஃபேஸ் வீட்டின் நடுவிலிருந்து மரத்தின் அடிவரை ஒரு சறுக்கு. மெத்தையில் உட்கார்ந்து வழுக்கிக் கீழே விழ வேண்டியதுதான். மெத்தைகளை வாங்கி வைக்க ஓர் அணில் நிற்கும்.

கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். இலக்கிய விமர்சகர்கள் இதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். பார்க்கவும் இல்லை. பிபிசி வானொலி பல ஆண்டுகள் பிளைட்டனின் கதைகளை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தது. 2009-இல் வெளியிடப்பட்ட பழைய உள்கடிதங்களில் அவரைத் தரமில்லாத எழுத்தாளர் என்றே அதிகாரிகள் எழுதிக்கொண்டது தெரிந்தது. அவர் நினைவாக ஒரு நாணயம் வெளியிடலாமா என்ற பேச்சு வந்தபோது பிரிட்டனின் நாணயச்சாலை 2016-இல் அதையும் கைவிட்டது. ஆனால் மரம் நிற்கிறது. எண்பது ஆண்டுக்கு மேலாகிறது, இன்னும் பதிப்பு மேல் பதிப்பு. பினாங்கில் எந்தப் புத்தகக் கடைக்குள் போனாலும் பிள்ளைகள் அலமாரியில் கண்ணில் படும்.

இங்கே எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரன் ஆண்ட ஊர், வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம், அவன் நூலகம். அவன் போன பிறகும் ஆங்கிலம் நன்றாக எழுத வேண்டுமானால் எனிட் பிளைட்டன் படி என்று சொல்லாத ஆசிரியர் இல்லை. அம்மாவும் அதை நம்பித்தான் எங்களை டேவான் ஸ்ரீ பினாங் கட்டடத்தில் இருந்த பொது நூலகத்துக்கு அனுப்பினார். கதை படிப்பதற்காக அல்ல, கட்டுரையில் நல்ல புள்ளி எடுப்பதற்காக. நூலகத்தில் கிடைக்காததைச் சௌராஸ்தா மார்க்கெட்டில் தேடுவோம். கீழே சாதிக்காய், மாங்காய் ஊறுகாய்க் கடைகள். மேல்மாடியில் கூரைவரை அடுக்கிய பழைய புத்தகங்கள். நான் அங்கே வாங்கிய ‘மேஜிக் ஃபாரவே ட்ரீ’ இன்னும் என்னிடம் இருக்கிறது. முதுகில் துணி நாடா ஒட்டியது. உள்ளே ஏதோ பள்ளிக்கூட நூலகத்தின் ஊதா முத்திரை, அதன் கீழே ‘தாரிக் புலாங்’ (திருப்பித் தரும் தேதி) என்று தலைப்பிட்ட தாள், அதில் வரிசையாகத் தேதிகள். கடைசித் தேதிக்குப் பிறகு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும். கடைக்காரர் பென்சிலால் முதல் பக்கத்தில் விலை எழுதியிருக்கிறார்: மூன்று வெள்ளி (ரிங்கிட்).

ஆக, வந்ததற்குக் காலனி ஆட்சி காரணம் என்பதை யாரும் மறுக்கமுடியாது. ‘இன்னும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதையையா படிக்கிறீர்கள்’ என்று கேட்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதே கப்பலில் வந்த ஆயிரம் புத்தகங்கள் கரையான் அரித்துப் போய்விட்டன. பிளைட்டனே எழுநூறுக்குக் குறையாமல் எழுதியிருக்கிறார் என்கிறார்கள், அதில் பாதியின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. வந்ததற்கான காரணத்தை வைத்து நின்றதை விளக்க முடியாது. அவருடைய ஃபேமஸ் ஃபைவ் கதைகளை ரசிக்க எனக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டியிருந்தது. விடுதிப் பள்ளி, சொந்தத் தீவு, இஞ்சி பானம், விடுமுறையில் மாமா வீடு என்று எல்லாமே வசதியானவர்கள் சமாசாரம். ஃபாரவே மரத்துப் பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை.

ஜோவின் வீட்டில் காசு இல்லை. பிள்ளைகள் தோட்டம் கொத்துகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், அம்மாவுக்குத் துவைத்துத் தருகிறார்கள். வேலை முடிந்தால்தான் காட்டுக்குப் போக அனுமதி. வேண்டியதை எடுத்துக்கொள்ளும் நாட்டுக்குப் போகிறார்களே, அங்கே என்ன எடுக்கிறார்கள் தெரியுமா? கோழிகளும் ஓர் ஆடும், வீட்டுக்கு. சிறு வயதில் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் போயும் போயும் ஆடா! இப்போது படித்தால், இவ்வளவு துல்லியமாக ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையின் ஆசையை எழுதியிருக்கிறாரே என்று தோன்றுகிறது. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆசைப்படுவதிலும் ஒரு கணக்கு இருக்கும். அம்மா முகம் மலர்வதற்கு எது வேண்டும் என்பது அதற்கு முதலில் தெரியும்.

என் அம்மா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். 1972-இல் அங்கே தடையற்ற வணிக வட்டாரம் திறந்ததிலிருந்து தீவிலும் பெருநிலத்திலும் இருந்த எத்தனையோ குடும்பங்களில் அம்மாக்களின் தூக்கத்தை அந்த ஷிஃப்ட்தான் முடிவு செய்தது. இரவு ஷிஃப்ட் வாரங்களில் அவர் பகலில் தூங்குவார். நாங்கள் சத்தம் காட்டக்கூடாது. அக்கா சோறு வடிப்பாள், நான் வீடு கூட்டித் துணி காயப்போடுவேன். ஃபிளாட்டில் துணி காயப்போடுவது ஒரு வித்தை. மூங்கில் கழியில் சட்டைகளைக் கோர்த்துச் சன்னலுக்கு வெளியே நீட்டி, அதன் அடியைக் குழாய்க்குள் சரியாகச் செருக வேண்டும். கை நழுவினால் மொத்தமும் கீழே போய்விடும், இறங்கிப் போய் மறுபடி அலச வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்துப் படிக்கிற புத்தகத்தில் அந்தப் பிள்ளைகளும் முதலில் வேலையை முடித்துவிட்டுத்தான் மரமேறுகிறார்கள். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுவேலை செய்கிற பிள்ளைக்கு மாயம் கிடையாது என்று அந்தக் கதை சொல்லவில்லை.

தீனியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதவே கூடாது. கடித்தால் வெடித்து வாய் நிறையத் தேன் வழியும் பாப் பிஸ்கட். நடுவில் ஒரே ஒரு திராட்சை, அதைக் கடித்தால் நுரை பொங்கும் கூகுள் பன் (ஆமாம், தேடுபொறி வருவதற்கு ஐம்பது ஆண்டுக்கு முன்னாலேயே). சப்பச் சப்பப் பெரிதாகிக்கொண்டே போய், வாய்க்குள் இடமில்லாதபோது பட்டென்று வெடித்துக் காணாமல் போகும் டாஃபி ஷாக். இவற்றை வாசித்துவிட்டு நாங்கள் கடையில் வாங்கிய பத்துக் காசு ஐஸ்கட்டியைக்கூட வேறு பெயர் வைத்துத்தான் தின்றோம்.

பின்னாளில் ஆண்டுகளைக் கவனித்தபோதுதான் அந்தத் தீனியின் அர்த்தம் புரிந்தது. ‘மேஜிக் ஃபாரவே ட்ரீ’ வந்த 1943-இல் இங்கிலாந்தில் மிட்டாய்க்கு ரேஷன். 1942 ஜூலையில் தொடங்கிய அந்தக் கட்டுப்பாடு 1953 பிப்ரவரியில்தான் முழுமையாக நீங்கியது. அதாவது, இந்தப் புத்தகத்தை முதன்முதலில் கையில் எடுத்த பிள்ளை, வாரத்துக்கு ஒரு கை மிட்டாய் கிடைத்தால் பெரிது என்று இருந்த பிள்ளை. அந்தப் புத்தகத்திலேயே வீடுகளெல்லாம் தின்பண்டத்தால் ஆன நாடு ஒன்று வருகிறது. விருந்தாளியாக வந்த டிக் என்ற பையன் அங்கே ஒரு வீட்டுக் கதவிலிருந்தே பிய்த்துத் தின்று மாட்டிக்கொள்கிறான். அந்த அத்தியாயம் முழுவதிலும் பசி இருக்கிறது.

அதே 1943-இல் பினாங்கு ஜப்பான்காரன் கையில். 1941 டிசம்பரில் குண்டு விழுந்தது, 1945 செப்டம்பர்வரை அவன் ஆட்சி. நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருந்த என் பாட்டி அந்த நாளைப் பற்றிப் பேசும்போது ஒரே பொருளைத்தான் சொல்வார்: மரவள்ளிக்கிழங்கு. அவித்தது, சுட்டது, மாவாக்கி ரொட்டி போலத் தட்டியது. அரிசி கண்ணால் பார்க்கவில்லை. தோட்டங்களிலிருந்து ஆண்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தத் தண்டவாளம் 1943 அக்டோபரில் முடிந்தது, போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பாட்டியின் அண்ணனும் திரும்பவில்லை. நான் அவரிடம் மூன்ஃபேஸ் வீட்டு விருந்தை வாசித்துச் சொன்னபோது, ‘வெடிக்கிற பிஸ்கோத்தா? பசியில கெடந்தவதான் இதெல்லாம் யோசிச்சிருப்பா’ என்றார். பிளைட்டனைப் பற்றிய எந்த விமர்சனத்திலும் இதைவிடச் சரியான வரியை நான் படித்ததில்லை.

சரி, எழுத்தின் கட்டுமானத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வடிவம் புதிதே அல்ல. விக்கிரமாதித்தன் மரமேறுகிறான், வேதாளத்தை இறக்கித் தோளில் போடுகிறான், அது ஒரு கதை சொல்கிறது, கேள்வி கேட்கிறது, பதில் வந்ததும் மறுபடி முருங்கை மரத்துக்கே போய்விடுகிறது. மரம் நகராது. ஏறுகிற ஒவ்வொரு முறையும் புதுக்கதை. எங்கே விட்டாலும் மறுநாள் தொடங்கலாம், முன்கதை நினைவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தூங்கப்போகும் பிள்ளைக்கு இதைவிட வசதியான அமைப்பு கிடையாது. ஃபாரவே மரமும் அதேதான். மரம் ஏறு, ஆட்களைப் பார்த்துப் பேசு, ஒரு நாட்டுக்குள் போ, மாட்டிக்கொள், தப்பித்துச் சறுக்கில் இறங்கு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. ஓர் அத்தியாயத்திலோ இரண்டிலோ சுற்று முடிந்துவிடும்.

பிளைட்டன் எழுதிய விதமும் வாய்க்கதை சொல்கிறவர்களுடையது. முன்கூட்டித் திட்டம் கிடையாது. மடியில் தட்டச்சுப் பொறியை வைத்துக் கண்ணை மூடினால் உள்ளே ஒரு திரையில் படம் ஓடும், அதைப் பார்த்து அடித்துக்கொண்டே போவேன் என்று பீட்டர் மெக்கெல்லர் என்ற உளவியலாளருக்கு அவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு நாளில் ஆறாயிரம், பத்தாயிரம் சொல் வரும். அப்படி எழுதினால் ஓட்டை இருக்கத்தான் செய்யும். மொழி தட்டை, ஆச்சரியக்குறிகள் அதிகம், பெஸ்ஸிக்கும் ஃபேனிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு இன்றுவரை முடியவில்லை. ஆனால் வேகம் குறையாது. அடுத்து என்ன என்று பிள்ளை கேட்பதற்கு முன்னால் அடுத்தது வந்துவிடும்.

இன்னொன்று, இது எனக்கு வளர்ந்த பிறகு படிக்கும்போது பிடிபட்டது. இந்தக் கதைகளில் பெரிய வில்லன் என்று யாரும் இல்லை. எல்லா அத்தியாயத்திலும் எதிரி ஒன்றுதான்: நேரம். நாடு நகர்ந்துவிடும். ஏணி காணாமல் போய்விடும். பனி நாட்டில் ஜோ அப்படித்தான் மாட்டிக்கொள்கிறான். இந்தப் பயம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் விளக்காமலே புரியும். ஃபேக்டரி பஸ் போய்விட்டால் அம்மாவுக்கு அன்றைய சம்பளம் போச்சு என்று தெரிந்த வீட்டில், ‘நாடு நகரப்போகுது, ஓடுங்க!’ என்று மூன்ஃபேஸ் கத்தினால் வயிறு கலங்காமல் இருக்குமா? ராட்சசனைப் பார்த்து நான் பயந்ததில்லை. தாமதத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

எல்லாம் சரி, இந்த எழுத்தாளரை அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளலாமா என்றால், முடியாது. ‘தி லிட்டில் பிளாக் டால்’ என்று ஒரு கதை எழுதியிருக்கிறார். கறுப்பு முகம் என்பதற்காகவே ஒரு பொம்மையை எல்லோரும் வெறுக்கிறார்கள். மழையில் நனைந்து கறுப்பு கரைந்து இளஞ்சிவப்பானதும் சேர்த்துக்கொள்கிறார்கள். 1966-இலேயே ‘கார்டியன்’ பத்திரிகையில் இதைக் கண்டித்து எழுதினார்கள். கறுத்த தமிழ்ப் பெண்ணுக்கு இந்தக் கதையில் என்ன வைத்திருக்கிறார் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பவுடர் டப்பாவோடு வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். ‘அந்தக் காலம் அப்படி’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்தக் காலத்திலும் கறுத்த பிள்ளைகள் இருந்தார்கள், படித்தார்கள். அந்தக் கதையை என் வீட்டில் யாருக்கும் வாசித்துக் காட்டமாட்டேன். மரத்துக் கதையை வாசித்துக் காட்டுவேன். இரண்டையும் ஒருவரே எழுதினார் என்பது உறுத்தத்தான் செய்கிறது, உறுத்திக்கொண்டே இருக்கட்டும்.

அவருடைய சொந்த வாழ்க்கையும் புத்தகத்தில் உள்ள வீட்டைப் போல் இல்லை. பதிமூன்று வயதை ஒட்டிய சமயத்தில் அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பிற்காலத்தில் இளைய மகள் இமோஜென் எழுதிய நினைவுக்குறிப்பு, தாயாக அவரைப் பற்றிக் கசப்பான சித்திரத்தைத்தான் தருகிறது. கதையில் மட்டும் எத்தனை நாடு சுற்றினாலும் அடுப்படியில் அம்மா இருப்பார், மாலையில் அப்பா வருவார்.

பதிப்பாளர்கள் பிறகு கை வைத்ததில் எனக்கு ஒப்புதலும் உண்டு, எரிச்சலும் உண்டு. ஜோவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதம் மாறியது, பெஸ்ஸி பெத் ஆனாள், ஃபேனி ஃப்ரானி ஆனாள், டிக் ரிக் ஆனான். இதற்கெல்லாம் யார் அழப்போகிறார்கள். ஆனால் பிள்ளைகளை அறையும் பள்ளிக்கூடத்து டேம் ஸ்லாப்பை எடுத்துவிட்டு, வெறுமனே அதட்டும் டேம் ஸ்னாப்பை வைத்திருக்கிறார்கள். நாங்கள் படித்த காலத்தில் ரோத்தான் (பிரம்பு) இல்லாத வகுப்பு கிடையாது. வாய்ப்பாடு தப்பினால் உள்ளங்கையில் ஒன்று, சிரித்தால் ஒன்று. புத்தகம் முழுக்கப் பறக்கிற மனிதர்களும் பேசுகிற மரங்களும் இருக்க, எங்களுக்கு நிஜம் என்று பட்டது அந்த டீச்சர்தான். அவரிடமிருந்து பிள்ளைகள் தப்பித்து ஓடும் இடத்தில் எங்களுக்குக் கிடைத்த திருப்தியை அதட்டல் கொடுக்குமா தெரியாது. அடிக்கிறவர் இருந்தால்தானே தப்பிப்பதில் சுவை.

மரத்தில் ஆள் குடியிருப்பது நம் ஊரில் கற்பனையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டியின் தோட்டத்தில் எந்த மரத்தில் யார் இருக்கிறார் என்று ஒரு முகவரிப் பட்டியலே உண்டு. அரசமரத்தில் முனி; சிவப்புத் துணி கட்டிச் சுருட்டும் சாராயமும் வைப்பார்கள். வாழைத்தோப்பில் பொந்தியானாக் என்ற பெண் பேய், மலாய்க்காரப் பக்கத்து வீட்டார் சொன்னது, பாட்டி அதையும் சேர்த்துக்கொண்டார். ரோட்டோரப் பெரிய மரத்தடியில் மஞ்சள் பூசிய சின்ன மாடத்தில் டத்தோ என்ற காவல் தெய்வம். சீனர்கள்தான் அங்கே ஊதுவத்தி ஏற்றுவார்கள். விளக்கு வைத்த பிறகு இந்த மரங்களுக்குக் கீழே நிற்கக்கூடாது, தலைவிரித்துப் போகக்கூடாது, அங்கே எச்சில் துப்பினால் காய்ச்சல் வரும். கித்தா (ரப்பர்) மரங்களில் மட்டும் யாரும் இல்லை. தினமும் விடியற்காலையில் உளியால் பட்டை சீவி, மங்கு கட்டிப் பால் எடுக்கும் மரத்தில் எந்தப் பேய் தங்கும் என்பார் பாட்டி.

இப்படி வளர்ந்த பிள்ளைக்குப் பிளைட்டன் கொடுத்தது ஒரு பெரிய விடுதலை. மரத்தில் இருப்பவர்கள் இங்கே பலி கேட்டார்கள், அங்கே பிஸ்கட் கொடுத்தார்கள். இங்கே ஒதுங்கிப் போக வேண்டும், அங்கே கதவைத் தட்டலாம். அவர்களுக்கும் கோபம் வரும், தூக்கம் வரும், தண்ணீர் கொட்டத் தெரியும். ஆனால் ஒரு கப் தேநீரில் சமாதானமாகிவிடுவார்கள். நாடுகளின் பெயர்கள் எனக்குப் பாதி மறந்துவிட்டன. எந்த நாட்டில் எந்தப் பூதம் என்று கேட்டால் தடுமாறுவேன். அண்டைவீட்டுக்காரர்கள் ஒருவர்கூட மறக்கவில்லை. என் வயதில் இதைப் படித்த யாரைக் கேட்டாலும் இதேதான் சொல்கிறார்கள்: மூன்ஃபேஸ், சாஸ்பேன், தண்ணீர் ஊற்றும் அம்மா. மேலே வந்து போகும் அதிசயங்களுக்காக ஏறுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, வழியில் இருந்தவர்களோடு தங்கிவிடுகிறோம். இந்த நாவல் பிழைத்துக் கிடப்பது அந்த அக்கம்பக்கத்து ஆட்களால்தான் என்பது என் கட்சி. வேறு கட்சிக்காரர்கள் வந்து வாதாடலாம்.

இப்போது அக்கா மகளின் முறை. ஜெலுத்தோங்கில், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். அவர்கள் இருப்பது கார்டு தட்டினால்தான் லிஃப்ட் நகரும் புதுக் கொண்டோமினியம். பக்கத்து வீட்டுக்காரர் முகம் அவளுக்குத் தெரியாது. இவளுக்கு இந்தப் புத்தகம் ஒட்டாது என்று என் அக்கா சொன்னாள். ஒட்டியது, ஆனால் வேறு வழியாக. ‘சின்னம்மா, இவங்க எல்லாரும் கதவைத் திறந்தே வச்சிருக்காங்க, கார்டு கேக்க மாட்டாங்களா?’ என்று முதல் நாளே கேட்டாள். பறக்கும் மெத்தையையும் பேசும் அணிலையும் அவள் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டாள். யார் வேண்டுமானாலும் யார் வீட்டுக்குள்ளும் போகலாம் என்பதுதான் அவளுக்கு நம்ப முடியாத மாயமாகத் தெரிந்தது.

வாங்க நினைப்பவர்களுக்கு: ‘என்சான்டட் வுட்’டில் தொடங்குங்கள், நடுவில் உள்ளது பிரபலமானது என்பதற்காக அதில் குதிக்க வேண்டாம். 1951-இல் ‘அப் தி ஃபாரவே ட்ரீ’ என்று படக்கதையாக ஒன்று வந்தது, அதை விட்டுவிட்டாலும் நஷ்டம் இல்லை. ஜாக்குலின் வில்சன் 2022-இல் புதுப் பிள்ளைகளை மரமேற்றி ஒரு தொடர்ச்சி எழுதினார். அக்கா மகள் அதை நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, ‘மரம் அதேதான், பசங்கதான் ரொம்ப பேசுறாங்க’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இப்போது மூன்றாவது நாவலில் இருக்கிறாள். அதில் கோனி என்று செல்லம் கொடுத்துக் கெடுத்த ஒரு பெண் வருவாள், எதையும் நம்பமாட்டாள், எல்லார் சன்னலிலும் எட்டிப் பார்ப்பாள். ஆங்ரி பிக்ஸி அவள் மேல் மையைக் கொட்டுகிற பக்கத்தைத் திரும்பத் திரும்ப எனக்கு வாசித்துக் காட்டியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை சௌராஸ்தாவுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். டேம் ஸ்லாப் இருக்கிற பழைய பதிப்பு வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன்.

‘அந்த டீச்சர் நெஜமாவே எவ்வளவு மோசம்னு நானே பாத்துக்கிறேன்’ என்றாள்.